தார் டிரம் சந்து மனு மியூசியம்

சென்னையில் அப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் மியூசியம் இருந்தது. பழைய ராஜா, பழைய வாள், பழைய நாணயம் வைத்திருக்கிற மியூசியம் இல்லை. அதையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சீந்துவதில்லை. இவை ஒரு அறை, ஒரு வராந்தா, ஒரு மாடிப்படிக்கு அடி என்று கிடைத்த இடத்தில் முளைத்த மியூசியங்கள். மாம்பலத்தில் மாமியார் சாவிக்கொத்து மியூசியம். சைதாப்பேட்டையில் கோர்ட்டு வாசல் பெஞ்சு மியூசியம். அண்ணாநகரில் கோச்சிங் சென்டர் நாற்காலி மியூசியம். பெரம்பூரில் பஸ் மேல்கம்பி மியூசியம். ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போய், கையுறை மாட்டிக்கொண்டு பொருளைத் தொட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து, வாசலில் பஜ்ஜி தின்றார்கள். ஜப்பானிலிருந்துகூட வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் தொடுமானி என்று ஒரு கருவி வந்த பிறகுதான். டார்ச் லைட் அளவு இருக்கும். ஒரு பொருள்மேல் வைத்தால், அதைப் பிடித்த கைகள் பிடித்த நேரத்தில் என்ன பாடு பட்டன என்பதை எண்ணாகக் காட்டும். கூட வரும் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டால் அந்தப் பாடு தொட்டவர் உடம்பிலும் ஏறும். எண் முந்நூறைத் தாண்டினால் அது சாமான் இல்லை, பாரம்பரியம். பாரம்பரியம் இருக்கிற தெருவை அரசாங்கமே நினைத்தாலும் இடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். போட்டவர்கள் வீடு இருந்த தெருவெல்லாம் முதல் மாதமே மியூசியம் ஆகிவிட்டது. அவர்கள் கைகள் என்ன பாடு பட்டனவோ, யார் கேட்டார்கள்.

தார் டிரம் சந்து வடசென்னையில், ரயில் பாலத்துக்குப் பின்னால். நாற்பத்தாறு வீடு. எந்தக் காலத்திலோ ரோடு போட வந்தவர்கள் தார் டிரம்மை இறக்கிவிட்டு ரோடு போடாமலே போனதால் அந்தப் பெயர். அங்கே மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தாறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பட்டா கேட்டு ஒரு மனு எழுதினார்கள். அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போகிற வேலையைக் கன்னியப்பனிடம் கொடுத்தார்கள்.

கன்னியப்பன் தண்ணீர் லாரி ஓட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் தீர்ந்தது. மனுவை அவரிடம் கொடுத்த காரணம், அவர் எவனையும் நம்ப மாட்டார் என்பதுதான். பஸ்ஸில் பிராட்வே என்று போர்டு போட்டிருந்தால் கண்டக்டரைக் கேட்பார், பிறகு பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்பார், அப்புறமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால் அதே மாத்திரையை அந்த டாக்டர் தன் அம்மாவுக்குக் கொடுப்பாரா என்று விசாரிப்பார். அப்படிப்பட்டவர் கையில் இருந்தால்தான் மனுவை எந்தப் புரோக்கரும் பிடுங்க முடியாது என்று சந்து நினைத்தது. சரியாகத்தான் நினைத்தது. முப்பத்தோரு வருஷத்தில் எட்டு தாசில்தார் மாறினார்கள். மனுமேல் குறிப்புகளும் முத்திரைகளும் ஏறிக்கொண்டே போயின. ரயில்வே நிலமா என்று பார்க்கவும். நீர்நிலையா என்று பார்க்கவும். தேர்தல் முடிந்ததும் வரவும். சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு தாசில்தார் வெறுமனே 'பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். ஒட்டி ஒட்டி அது செங்கல் கனத்துக்கு ஒரு கட்டாகிவிட்டது. பட்டா மட்டும் வரவில்லை.

மனுவில் கன்னியப்பன் வீட்டுக்கு மனைவி பேரைத்தான் எழுதியிருந்தார். அந்த அம்மாள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பெயரை மாற்றச் சொல்லி ஆபீசில் இரண்டு தடவை சொன்னார்கள். அவர் மாற்றவில்லை.

இந்த நிலைமையில்தான் மழைநீர்ப் பெருங்கால்வாய்த் திட்டம் வந்தது. பக்கத்து ஜாடிக்காரத் தெருவை முதலில் இடித்தார்கள். அந்தத் தெருவில் எல்லோரிடமும் பட்டா இருந்தது. பட்டாவை வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே முப்பது மைல் தள்ளி, பதினேழாவது மாடியில் ஆளுக்கொரு அறையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பட்டா உள்ளவனுக்கே இந்தக் கதி என்றதும் தார் டிரம் சந்து நடுங்கிப்போயிற்று. ஏதாவது ஒரு மியூசியம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

சங்கச் செயலாளர் தனபால் யோசித்து அடிபம்பைப் பிடித்தார். அது நல்ல யோசனைதான். அந்தப் பம்பின் பிடியில் படாத கை சந்தில் இல்லை. விடியற்காலை வரிசை, குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டது, தண்ணீர் வராமல் காற்று மட்டும் வந்த கோடைகள் எல்லாம் அதில் இருக்கும். எழுதிப்போட்டார்கள். சிற்றருங்காட்சியக வாரியத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தேதி கொடுத்தார்கள்.

ஆபீசர் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்தார்கள். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். வீட்டு வீட்டுக்குப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தார்கள். தனபால் தன் கையாலேயே அடிபம்புக்கு சில்வர் பெயின்ட் அடித்தார். காய்ந்ததும் இன்னொரு கோட்டும் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். கல்யாண மண்டபத்து அண்டா மாதிரி பம்பு பளபளத்தது.

ஆய்வாளர் பிரதிக்ஷா இளம் பெண், மரியாதையான பெண். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பம்பு மேடையில் ஏறினாள். தொடுமானி மெஷினைப் பிடியில் வைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பூஜ்யம்.

"பெயின்ட் அடிச்சீங்களா சார்?"

"ரெண்டு கோட்டும்மா," என்றார் தனபால்.

அந்தப் பெண் பம்பைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். கை பிடிக்கும்போது வியர்வையோடு சேர்ந்து மேல்பரப்பில் ஒரு படிவு இறங்குகிறது, பயந்த கைக்கு ஒரு மாதிரி, கோபக் கைக்கு ஒரு மாதிரி, மெஷின் படிப்பது அதைத்தான். பம்பில் இப்போது இருப்பது ஒரே ஒரு பிரஷ், அதற்கு ஒரு பாடும் கிடையாது. சுரண்டினால் பெயின்டோடு அதுவும் வந்துவிடும்.

சந்து முழுக்க ஓடிப்போய் ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்தது. இட்லிக்கடை லூர்துமேரி தன் மாமியார் காலத்து இட்லிப் பானையைத் தூக்கிவந்தாள், மெஷின் காட்டியது மூன்று. புளி போட்டுத் தேய்த்தது. அம்மிக்குழவி, நான்கு. சோப்புப் போட்டுக் கழுவியது. நாற்பத்தாறு வீட்டுச் சரித்திரத்தையும் ஒரே நாளில் சாக்கடையில் ஊற்றியிருந்தார்கள்.

"எல்லாம் இந்தாளால வந்தது," என்றாள் லூர்துமேரி தனபாலைக் காட்டி. "ஆபீசர் இன்னா பொண்ணு பாக்கவா வர்றாங்க, பம்புக்குப் பூ வெச்சுக்கினு?"

கன்னியப்பன் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. மெஷினாவது மண்ணாவது என்று இருந்தார். ஆனால் எந்த ஆபீசர் சந்துக்குள் வந்தாலும் மனுவைக் காட்டாமல் விடுவதில்லை என்பது அவர் வழக்கம். கொசு மருந்து அடிக்க வந்தவனிடம்கூடக் காட்டியிருக்கிறார். கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து, அம்மா எங்க பட்டா விஷயம் என்று ஆரம்பித்தார். அது என் துறை இல்லைங்கய்யா என்று சொல்லி அந்தப் பெண் கட்டைக் கையால் மெல்ல ஒதுக்கினாள். ஒதுக்கிய கையில்தான் மெஷின் இருந்தது.

அது பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி கூவியது. நானூற்று முப்பத்தெட்டு.

பிரதிக்ஷா கையுறையை மாட்டிக்கொண்டு கட்டை வாங்கப்போனாள். கன்னியப்பன் கொடுக்கவில்லை. நான் பிடிச்சுக்கிறேன், நீ தொட்டுப் பாரு என்றார். தொட்டவள் பம்பு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள்.

"முட்டி வலிக்குதுங்கய்யா," என்றாள்.

"எனக்குத்தாம்மா வலி. உனக்கு இன்னாத்துக்கு வலிக்குது?"

"அதேதாங்கய்யா. உங்க வலிதான்."

இப்படித்தான் தார் டிரம் சந்து மனு மியூசியம் உண்டாயிற்று. கட்டைச் சந்தை விட்டு வெளியே அனுப்பக் கன்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் வீட்டு முன்னறையே மியூசியம் ஆனது. கண்ணாடிப் பெட்டி வந்தது. வாசலில் போர்டு வந்தது. கால்வாய்க்காரர்கள் நட்டிருந்த அளவுக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சந்தில் அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள்.

ஜனங்கள் வந்தார்கள். கையுறையோடு பெட்டிக்குள் கைவிட்டுக் கட்டைத் தொட்டார்கள். நாலு மணி நேரம் நின்ற கால், காலையில் சாப்பிடாத வயிறு, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் நிமிர்ந்து பார்க்கிற அந்த ஒரு விநாடி எல்லாம் அவர்களுக்குள் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அற்புதம் என்றார்கள். ஒரு அம்மாள் இந்த மாதிரி அனுபவம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வேண்டும் என்று வருகைப் புத்தகத்தில் எழுதினாள். தாலுகா ஆபீசுகளுக்குப் புதிதாகத் தேர்வான எழுத்தர்கள் எண்பது பேரை ஒரு பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். எண்பது பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். அழுதுவிட்டுப் போய் வேலையில் சேர்ந்து, ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து, நாளைக்கு வா என்றார்கள்.

கன்னியப்பன் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முட்டிவலிக்கு இத்தனை பேர் வரிசையில் நிற்பதை அவரால் நம்பமுடியவில்லை. திங்கட்கிழமைதான் கஷ்டமாக இருந்தது. காலையில் எழுந்ததும் கால் தானாக வாசலுக்குப் போகும். மனு பெட்டிக்குள் இருக்கிறது, எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று திரும்பிவந்து ஸ்டூலில் உட்காருவார்.

ஒரு வருஷம் ஆனது. புதுப்பித்தலுக்கு வந்த பிரதிக்ஷா மெஷினை வைத்தாள். முந்நூற்று நாலு.

தொடத் தொடத் தேயும் என்று அப்போதுதான் சொன்னாள். வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முந்நூறுக்குக் கீழே போனால் போர்டைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய மறுநாள் கால்வாய்க்காரன் வருவான். மூன்று மாதம் அவகாசம் தருகிறேன், யாராவது கட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போய்வாருங்கள், ஏறுகிறதா பார்க்கலாம் என்றாள்.

தனபால் போனார். ஒன்றும் ஏறவில்லை. போகிற வழியெல்லாம் கட்டு தொலைந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அவருக்கு இருந்ததாகத் தொட்டுப் பார்த்த பிரதிக்ஷா சொன்னாள். தனபாலின் மச்சினி ஒருத்தி டிவி சீரியலில் அழுகிறவள். அவளை அனுப்பினார்கள். தாலுகா ஆபீசே கலங்கும்படி அழுதாள். ஒரு பியூன் டீ வாங்கிக் கொடுத்தான். திரும்பிவந்து வைத்தபோது எண் அசையவே இல்லை. கடைசியில் கன்னியப்பனே போனார். அவர் போய்வந்ததும் எண் முந்நூற்று ஒன்றாகக் குறைந்திருந்தது.

சந்து மொத்தமும் அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது.

"என்னங்கய்யா நினைச்சுக்கிட்டுப் போனீங்க?" என்று பிரதிக்ஷா கேட்டாள்.

"இன்னா நெனைக்கிறது? குடுக்க மாட்டானுங்க. தெரிஞ்ச கதைதானே."

"அதான் குறைஞ்சிடுச்சு." அவள் மெஷினைக் கீழே வைத்தாள். "ஐயா, மெஷின் துக்கத்தை எண்ணாது. துக்கம் எல்லார் வீட்டுலயும் இருக்கு, துக்கத்துக்கு மியூசியம் வெச்சா ஊரே மியூசியம்தான். இந்தக் கட்டுல ஏறியிருக்கறது வேற. இன்னிக்குக் கண்டிப்பா கிடைச்சிடும்னு நினைச்சுப் பிடிச்ச கை. ஒவ்வொரு திங்கட்கிழமையும். ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல."

"யாரு?"

"நீங்கதாங்கய்யா. வேற யாரு கையும் இதுல ஏறலையே."

முதலில் லூர்துமேரிதான் சிரித்தாள். பிறகு சந்தே சிரித்தது. பஸ் போர்டை நம்பாத மனிதர், மாத்திரையை நம்பாத மனிதர், முப்பத்தோரு வருஷம் தாசில்தாரை நம்பியிருக்கிறார். கன்னியப்பனுக்கு அம்மா மேல் வைத்துத் திட்டியது மாதிரி இருந்தது. எவன்டா நம்பினது, மெஷின் பொய் சொல்லுது, சைனா மால் என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு வந்த பார்வையாளர்கள் வாசலிலேயே பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பிப்போனார்கள்.

அதற்குப் பிறகு சந்து அவரை விடவில்லை. நம்பு நம்பு என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். தனபால் ஒரு யோகா மாஸ்டரைக் கூட்டிவந்து, மூச்சை இழுத்து நம்பிக்கையை உள்ளே வாங்கச் சொன்னார். கன்னியப்பன் மூச்சை இழுத்துவிட்டு, மாஸ்டரின் சர்டிபிகேட்டைக் காட்டச் சொன்னார். பெண்கள் சாடையாகப் பேசினார்கள். ஒரு கிழவன் கொஞ்சம் நம்பித் தொலைத்தால் நாற்பத்தாறு குடும்பம் பிழைக்குமே என்று குழாயடியில் அவர் காதுபடவே சொன்னார்கள்.

"வேணும்னா நம்ப முடியுமா மேரி?" என்று அவர் இட்லிக்கடையில் கேட்டார். "விக்கல் மாதிரிதானே அது. வந்தா வரும்."

லூர்துமேரி இட்லித்தட்டில் துணியை விரித்துக்கொண்டே, வரும்ணே என்றாள்.

அவகாசம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது தாலுகா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்திருக்கும் தாசில்தார் இளவேனில் என்ற அம்மாள் பழைய கோப்புகளைப் பார்த்ததாகவும், தார் டிரம் சந்து நிலம் ரயில்வேயும் இல்லை நீர்நிலையும் இல்லை என்று தெளிவாகிவிட்டதாகவும், வரும் திங்கட்கிழமை அசல் மனுவோடு வந்தால் அதிலேயே ஆணை எழுதிக் கையெழுத்திட்டுப் பட்டா வழங்கப்படும் என்றும் எழுதியிருந்தது.

கன்னியப்பன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரித்தார். தனபால் வேலை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், கலையவில்லை. தபால்காரம்மாவை மறித்து, இது உன் பையில் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தலைமைத் தபால் ஆபீசிலிருந்து என்றாள். பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்கே போனார். வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேனை நம்பாமல் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரனைக் கேட்டார். அந்தம்மா வந்த பத்து நாளில் அறுபது பட்டா கொடுத்திருக்கிறார்கள், லஞ்சம் என்று வாயைத் திறந்தவனை ரூமை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று அவன் சொன்னான். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மேஜையில் ஒரு காகிதம்கூடத் தேங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பிவந்து லூர்துமேரியைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. லெட்டரு நீங்க பண்ண வேலையா?"

"மாதா சத்தியமா இல்ல. லெட்டரு நெசம்."

அவள் மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. கன்னியப்பன் மூன்று நாள் அந்தக் கடிதத்தில் ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. இல்லை என்றானதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்தது. அதை அடக்கிவைக்க வேண்டுமென்றே சிடுசிடுத்துக்கொண்டு திரிந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனார். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வாங்கிவந்தார். மனைவியின் ரேஷன் கார்டைத் தேடி எடுத்து, பெயரில் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்று மனுவோடு ஒத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை கட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். தாசில்தார் எழுந்து நின்று வாங்க ஐயா என்றார்கள். முப்பத்தோரு வருஷத்தில் எவரும் அவருக்காக எழுந்ததில்லை. நாற்காலி போட்டார்கள். அவர் கட்டைத் தன் கையாலேயே மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்க மறந்துவிட்டார்.

தாசில்தார் பேனாவைத் திறக்கவில்லை.

"ஐயா, நான் கையெழுத்துப் போடறதாத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. இது அருங்காட்சியகப் பொருள். சட்டப்படி இதுமேல புதுசா ஒரு துளி மைகூடப் படக்கூடாது, பட்டுட்டா மியூசியம் அங்கீகாரமே போயிடும். பட்டா ஆணையை அசல் மனுமேலதான் எழுதணும்னு எங்க விதி. மை படக்கூடாதுன்னு அவங்க விதி. நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். வழி இல்லைங்கய்யா."

"வேற பேப்பர்ல எழுதுனா?"

"புது மனு ஆயிடும். மறுபடி முதல்ல இருந்து."

அந்தம்மா பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. யார் ஆட்சேபித்தது என்று கன்னியப்பன் கேட்டார். சொல்லக்கூடாதுதான், ஆனால் அந்தம்மாவுக்கு மறைக்கத் தெரியவில்லை, காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் தட்டச்சு அடித்திருந்ததை அவர் படிக்கவில்லை. கீழே இருந்ததைத்தான் பார்த்தார். நாற்பத்தைந்து கையெழுத்து. தனபால் எப்போதும் கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பார். லூர்துமேரி சிலுவை மாதிரி ஒரு புள்ளி வைப்பாள். வருஷா வருஷம் மனுவைப் புதுப்பிக்க வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, சண்டைக்காரர்களைச் சமாதானப்படுத்தி அவர்தான் இந்தக் கையெழுத்துகளை எல்லாம் வாங்கியிருக்கிறார். எது யாருடையது என்று எவரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் போர்டு பார்க்காமல் ஏறினார்.

சந்தில் பிரதிக்ஷா மெஷினோடு காத்திருந்தாள். வைத்ததும் அறுநூற்றுப் பன்னிரண்டு. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு காகிதத்துக்கு இவ்வளவு வந்ததில்லை என்றாள், சொல்லும்போது அவள் சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை. தனபால் துள்ளிக் குதித்தார். கேசரி கிண்டி அண்டாவோடு கொண்டுவந்தார்கள். கன்னியப்பனுக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றாமல் இட்லிக்கடைப் பக்கம் போனார். லூர்துமேரி கேசரி வாங்க வரவில்லை, அடுப்பெதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணியே."

"லெட்டரு நெசம்னு பண்ணேன். நெசந்தானே."

"கேட்டிருந்தா நானே குடுக்காம திரும்பிக்கினு வந்திருப்பேன் மேரி. பட்டா இருந்தாலும் இடிப்பானுங்க, மியூசியந்தான் காப்பாத்தும்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா முட்டாளா?"

"கேட்டிருந்தா நீ நம்பிக்கினு போயிருக்க மாட்ட." அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "நம்பாம போனா மீட்டரு ஏறாது. எனக்கு ரெண்டு பொண்ணுண்ணே. பதினேழாவது மாடில யாருக்கு இட்லி விப்பேன்?"

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. அதுதான் அவரால் தாங்கமுடியவில்லை.

"அடுத்த வருஷம் இன்னா பண்ணுவீங்க?"

"அத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். நான்கு இட்லியை இலையில் வைத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மறுநாள் மியூசியத்தைத் திறக்கவில்லை. ஒரு முழுத்தாள் வாங்கிவந்து, இரண்டு நாள் உட்கார்ந்து, பெரிய பெரிய எழுத்தில் தானே எழுதினார். எங்கள் மனு எங்களுக்கே வேண்டும். அதை மியூசியத்திலிருந்து விடுவித்து, அதில் கையெழுத்துப் போட விடவும். அப்படி விட்டாலும் எங்கள் சந்தை இடிக்காமல் இருக்கவும். அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு நாற்பத்தைந்து வீட்டுக்கும் போனார். தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். தனபால் இரண்டு கோடு இழுத்தார். லூர்துமேரி மாவுக்கையைக் கழுவிவிட்டு வந்தவள், பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அப்படியே வைத்திருந்து பிறகு போட்டாள்.

சிற்றருங்காட்சியக வாரியம் எழும்பூர் பக்கம், ஏசி போட்ட கட்டடத்தில் இருந்தது. பிரதிக்ஷாவுக்கு இரண்டாவது மாடியில் ஒரு ஓர மேஜை. அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடித்த பிறகும் தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. வாரியக் கூட்டத்தில் வைக்கவேண்டும் என்றாள். சட்டத்தில் அதற்கு இடம் இல்லைதான், ஆனால் கேட்டால் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லமுடியாது என்றாள். தானே எடுத்துப் பேசுவதாகவும் சொன்னாள். தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அசல் உங்களிடம் இருக்கட்டும், கூட்டத்தன்று கொண்டுவாருங்கள் என்றாள்.

"கெடைக்குமாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேஜைமேல் இருந்த மெஷின் சன்னமாக ஒரு தரம் கூவியது. கன்னியப்பனின் கை, தாளோடு, அதன்மேல் பட்டிருந்தது. அவள் அவசரமாக மெஷினை எடுத்து இழுப்பறையில் போடப்போனாள்.

"எவ்ளோ காட்டுது?" என்றார்.

"விடுங்கய்யா."

"சொல்லும்மா."

"ஏழு."

கன்னியப்பன் தன் கையை அடுத்தவன் கையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு, கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.